முப்பத்தொரு பிள்ளைகளின் படம்

அலையந்துறை ஆசீர் ஸ்டூடியோவின் கம்ப்யூட்டரில் மணப்பெண்ணுக்கு ஒரே பகலில் எண்பது வயதானபோது, அவளுக்கு முகப்பவுடர் போட்டுவிட்ட சித்திமார் மூன்று பேரும் கல்யாண வீட்டில் மிச்சமிருந்த பூந்தியைத் தின்றுகொண்டிருந்தார்கள். அவளோ மறுவீட்டுக்குப் போன இடத்தில் இருபத்து நான்கு வயதுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வயதானது படத்தில் மட்டும்தான்.

படத்தைத் திறந்தவள் ஆசீரின் மனைவி ஜெபக்கனி. ஆசீர் படம் எடுப்பான், ஜெபக்கனி திருத்துவாள். பதினாறு வருஷமாக அப்படித்தான் அந்தக் குடும்பம் ஓடியது. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே கிடக்கிற அந்த ஊரில் வெயிலில் கறுக்காத முகம் இல்லை, அவள் வெளுத்துக் கொடுக்காத முகமும் இல்லை; மருவை எடுத்திருக்கிறாள், மூடிய கண்ணைத் திறந்துவைத்திருக்கிறாள், கல்யாணத்தன்று சண்டைபோட்டுக்கொண்டு போன தாய்மாமனை வேறு படத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்து மணமேடையில் நிறுத்தியிருக்கிறாள்.

அந்த வருஷம் ஆசீர் தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்கிற கடையிலிருந்து ஒரு லென்ஸ் வாங்கிவந்தான். பித்தளை உடம்பு, கையில் எடுத்தால் அம்மிக்குழவி கனம், கண்ணாடி வயதாகித் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. அதை ஒரு வளையத்தில் மாட்டித் தன்னுடைய புது டிஜிட்டல் கேமராவில் பொருத்தினான். கையால் திருகித்தான் முகத்தைத் தெளிவாக்க வேண்டும். ஆனால் விழுகிற வெளிச்சம் உருக்கின நெய்யாக விழும். அதில் எடுத்ததையெல்லாம் ரா ஃபைலாகவே வைத்தான். ரா ஃபைல் என்பது சமைக்காத படம். கேமரா கண்டதைக் கண்டபடி பச்சையாக வைத்திருக்கும், நிறம் சேர்ப்பதும் வெளிச்சம் கூட்டுவதும் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் கைப்பாடு. அந்த லென்ஸ் எடுத்த படமெல்லாம் மஞ்சளாகவே வந்ததால், முதலில் மஞ்சளை எடுத்துவிட்டுத்தான் ஜெபக்கனி மற்ற வேலையைத் தொடங்குவாள்.

அன்றும் மஞ்சளைத்தான் எடுத்தாள். எடுத்ததும் மணமேடையில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அதே அரக்குப் பட்டு, அதே மல்லிகை, அதே ஒட்டியாணம்; முகம் மட்டும் காய்ந்த நார்த்தங்காய். பக்கத்தில் மாப்பிள்ளைக்கு முன்மண்டை வழுக்கை விழுந்து அறுபது வயது. பூக்கூடை பிடித்து நின்ற ஆறு வயதுப் பெண்பிள்ளை கவுன் போட்ட பாட்டியாக நின்றாள்.

"என்னங்க, சித்த இங்க வாங்க."

ஆசீர் வந்து பார்த்தான். கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தான், அதில் பெண் பெண்ணாகத்தான் இருந்தாள். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"ஏட்டி, என்னத்தப் போட்டு அமுக்குன?"

"நான் ஒண்ணும் அமுக்கல. மஞ்சளைத்தான் எடுத்தேன்."

சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். படத்தை மூடித் திறந்தால் மற்ற திருத்தமெல்லாம் நின்றது, சுருக்கங்கள் மட்டும் நடையில் போட்ட செருப்பு மாதிரி அதே இடத்தில் கிடந்தன. ஃபைல் கெட்டுப்போயிருக்கும் என்று ஆசீர் சொன்னான், அவளும் சரி என்றாள். ஆனால் பந்திப் படத்தில் மளிகைக்கடை ரத்தினபாண்டி மட்டும் வயது கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் இருந்தபடியே இருந்தார். முகவாயில் மட்டும் பெருக்கல் குறி போட்டு ஒட்டிய பிளாஸ்திரி. கல்யாணத்துக்கு அவர் பிளாஸ்திரியோடு வரவில்லை என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அவருக்குச் சாம்பார் ஊற்றியவளே அவள்தான்.

வியாழக்கிழமை காலையில் ரத்தினபாண்டி சவரம் செய்யும்போது முகவாயை அறுத்துக்கொண்டார்; மத்தியானம் அரிசிமூட்டையைத் தூக்கக் குனிந்தவர் குனிந்தபடியே உட்கார்ந்தார், எழவில்லை. துக்கத்துக்குப் போன ஜெபக்கனி, பெஞ்சில் படுக்கவைத்திருந்த அவருடைய முகவாயில் பெருக்கல் குறியைக் கண்டாள். அவளுக்குக் காது அடைத்தது. அழுகிற பெண்களின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "அது கடைசி முகம்" என்றாள். யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தாள். மறுநாள் விடிவதற்குள் ஊருக்கே கேட்டிருந்தது.

முதல் நாள் ஸ்டூடியோ மேல் கல் விழுந்தது. இரண்டாம் நாள் கோயிலில் வெடி போட்டார்கள், சர்ச்சில் உபவாச ஜெபம் வைத்தார்கள். மூன்றாம் நாள் ஆசீர் லென்ஸைத் துணியில் சுற்றி பீரோவில் பூட்டினான். நான்காம் நாள் காலையில் மணப்பெண்ணின் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள்.

"கனி, நல்லாப் பாத்துச் சொல்லு தாயி. எம்மவளுக்கு எண்பது இருக்குமா?"

"இருக்கும் மதினி. கூடக்கூட இருக்கும்."

அந்த அம்மாள் திரையிலிருந்த கிழவியின் கன்னத்தைத் தடவி, விரலை மடக்கிச் சொடக்கெடுத்துத் திருஷ்டி கழித்து, படத்தைப் பெரிதாகப் போட்டு வாங்கிக்கொண்டு போய்க் கூடத்தில் மாட்டினாள். அதற்குப் பிறகு லென்ஸைப் பூட்டிவைக்க ஆசீரால் முடியவில்லை. உப்பளத்திலிருந்து உப்பு ஒட்டிய காலோடு வந்தார்கள், மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள், வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் கைப்பிள்ளையோடு பஸ் ஏறி வந்தார்கள். போன மாதம்வரை சுருக்கத்தை எடு, நரையை எடு என்று கேட்ட வாய்களெல்லாம் சுருக்கம் விழுந்திருக்கா, நரை வந்திருக்கா என்று கேட்டன. தொங்கிய கன்னத்தைப் பார்த்துக் குலவை போட்டார்கள். பெண்பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு படத்தையும் கேட்டார்கள். பல்லில்லாத வாயோடு படம் வந்தவனுக்கு ஊரில் மரியாதை கூடியது. அவன் பேசினால் பெரியவர்களே எழுந்து நின்று கேட்டார்கள், வயது இருபத்திரண்டுதான். ஒரு வருஷத்துக்குள் அலையந்துறை அந்த லென்ஸுக்கு ரேஷன் கடைக்குப் பழகுவதுபோலப் பழகிக்கொண்டது.

ஜெபக்கனியும் ஆசீரும் மட்டும் ஒருவரை ஒருவர் படமெடுப்பதில்லை என்று பேசிவைத்துக்கொண்டார்கள்.

மாறாத முகங்களும் வந்தன. இன்றைக்கு இருக்கிறபடியே இளமையாக வருகிற முகம். அப்படி வந்தால் அதற்கு அர்த்தம் என்னவென்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஊர் அவர்களை ஒதுக்கவில்லை. ஒதுக்கியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பார்கள். ஊர் அவர்களுக்காக முன்கூட்டியே துக்கம் காத்தது. அவர்கள் தெருவில் நடந்தால் ரேடியோவைக் குறைத்தார்கள், எதிரே வந்தால் செருப்பைக் கழற்றினார்கள், பழைய தகராறையெல்லாம் மன்னித்தார்கள்.

ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த பொன்னுத்துரைக்கு முப்பத்திரண்டு வயது. படத்தில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. அவன் முதலில் சிரித்தான். மறுநாள் டீக்கடையில் டீ குடித்துவிட்டுக் காசு நீட்டினான். மாஸ்டர் வாங்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கட்டும் தம்பி" என்றார். அந்த ஒரு சொல்லில் பொன்னுத்துரை உடைந்தான். "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கிளாஸைத் தரையில் அடித்தான். உடைந்த சில்லுகளை நாலு பேர் குனிந்து பொறுக்கினார்கள், ஒருவரும் அவனைத் திட்டவில்லை. அவன் ஆட்டோவில் ஏறவும் ஆட்கள் தயங்கினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோறு இறங்கவில்லை என்று படுத்தான். வருகிறவர்கள் பழம் கொண்டுவந்தார்கள், கால்மாட்டில் உட்கார்ந்து நல்ல கதைகள் சொன்னார்கள், வெளியே போய் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவன் பெண்டாட்டி பேச்சித்தாயும் கால் பிடித்துவிட்டாள். ஐந்தாவது வாரம் இறந்துபோனான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பேச்சித்தாய் ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"சட்டம் போடணும் அக்கா. அவுக படம் வேணும். நீங்க வெளுத்துவிட்டது வேண்டாம், தொடாத படம் இருக்கும்லா, அது."

ஜெபக்கனி அவன் படத்தைத் திறந்து, தான் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கினாள். கன்னம் கறுத்தது, நெற்றித் தழும்பு திரும்பி வந்தது, கடைசியில் படம் முழுக்கத் தேன் மஞ்சளில் மூழ்கியது. இப்படிக் கொடுக்க மனசில்லாமல், அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைத் தொட்டு, சட்டை வெள்ளையாகிற மட்டுக்கு மஞ்சளை வடித்தாள். சட்டை வெளுத்தது. சுவர் வெளுத்தது. கண் வெளுக்கவில்லை.

அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. அன்றைக்கும் இப்படித்தான் கண்ணில் மட்டும் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. லென்ஸின் அழுக்கு என்று நினைத்து, பிரஷை எடுத்து, இரண்டு கண்ணையும் பால் மாதிரி வெளுத்துவிட்டது அவள் கைதான்.

பேச்சித்தாய் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது மஞ்சக்காமாலைல்லா அக்கா."

ஜெபக்கனி அந்த இரண்டு கண்களையும் பெரிதாக்கினாள்.

"அன்னைக்கே இத பாத்திருந்தா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேனே. வீட்லயும் கண்ணு மங்கலாத்தான் இருந்துச்சு. சாவப்போற கண்ணு அப்படித்தான் இருக்கும்னுல்லா நெனச்சேன்."

அவள் திட்டவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. தரையில் உட்கார்ந்தாள். ஜெபக்கனியும் நாற்காலியை விட்டிறங்கி அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொள்ளக் கையைத் தூக்கியவள், அந்தக் கையைப் பார்த்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டாள். மத்தியானம் முழுக்க ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் இரண்டு பெண்கள் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

மறுநாளும் பேச்சித்தாய் வந்தாள், அதற்கு மறுநாளும். ஜெபக்கனி அதற்குப் பிறகு எந்த முகத்திலும் பிரஷை வைக்கவில்லை. மாறாத முகம் வந்தால் இருவரும் அதைப் பெரிதாக்கி, இருட்டை வெளிச்சமாக்கி, நகம், உதடு, கழுத்து என்று அரிசியில் கல் பொறுக்குவதுபோலத் தேடுவார்கள். கண்டதைச் சொன்னால் ஊர் கேட்கவில்லை. "வந்தது வந்ததுதானே தாயி, பிறகென்னத்துக்கு நோண்டுத?" என்று பரிதாபமாகக் கேட்டுவிட்டுத் துக்கத்தைத் தொடர்ந்தது.

பிப்ரவரி மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புக்கு ஆசீர் குரூப் போட்டோ எடுத்தான். பரீட்சைக்கு முன்னால் எடுக்கிற வழக்கமான படம். மூன்று வரிசை, முப்பத்தொரு பிள்ளைகள், நடுவில் தலைமையாசிரியர் கோயில்பிள்ளை. படத்தைத் திறக்கும்போது பேச்சித்தாய் பக்கத்தில் இருந்தாள்.

கோயில்பிள்ளைக்கு ஐம்பத்தேழு வயது, ஐம்பத்தேழாகவே இருந்தார். முதல் வரிசைப் பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருந்தார்கள். இரண்டாம் வரிசையும். மூன்றாம் வரிசையும். ஒரு நரை இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. ஜெபக்கனி மூடித் திறந்தாள். மறுபடி மூடித் திறந்தாள்.

"லென்ஸு கெட்டுப்போச்சா அக்கா?" என்றாள் பேச்சித்தாய். அப்படித்தான் இருக்கட்டும் என்கிற கெஞ்சல் குரலில் இருந்தது.

ஜெபக்கனி முதல் வரிசையில் ஒரு பையனின் தலையைப் பெரிதாக்கினாள். முடி வெள்ளையாக இருந்தது. நரையோ என்று ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. நரை இல்லை, தூள். புருவத்தில் தூள், இமையில் தூள், காதுமடலின் குழியில் சோளமணி அளவு சுண்ணாம்புக்காரை. அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை, கோயில்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி மேல். எல்லார் தலையிலும் காரைத்தூள்.

"கூரை" என்றாள் பேச்சித்தாய்.

ஐந்தாம் வகுப்பின் கூரை, பனைமரத்தைப் பிளந்த பனங்கைகளைப் பாவி மேலே சுண்ணாம்புக்காரை போட்ட பழைய தளம்.

ஊருக்குச் சொன்னபோது வியாபாரம் நின்றது. சந்தையில் தராசுத்தட்டுகள் ஆடிக்கொண்டே நின்றன. தாய்மார் ஸ்டூடியோவுக்கு ஓடிவந்து, தன் பிள்ளை முகத்தைத் தேடி, கண்டு, திரையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆனால் ஊருக்குத் துக்கம் பழகியிருந்தது. மறுநாள் காலையில் முப்பத்தொரு வீட்டிலும் அதிரசம் சுட்டார்கள். பிள்ளைகளுக்குப் பண்டிகை இல்லாமலே புதுச்சட்டை எடுத்தார்கள். வீட்டுப்பாடம் கேட்கவேண்டாம் என்று பள்ளிக்குச் சொல்லியனுப்பினார்கள். பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் வாய் நிறைய அதிரசத்தோடு வகுப்புக்குப் போய் அதே கூரையின் கீழே உட்கார்ந்தார்கள்.

ஜெபக்கனி கோயில்பிள்ளையிடம் ஓடினாள்.

"சார், பிள்ளைகள வெளிய உக்கார வைங்க சார். கூரைதான் சார்."

அவர் அன்றைக்குக் கறுப்புக்கரை வேட்டி கட்டி, முகம் தெளிந்து, பரலோகத்துக்குப் பெட்டி கட்டி வைத்தவர்போல இருந்தார். "இடத்த மாத்தினா விதி மாறுமா ஜெபக்கனி? என் முகமும்தான் அதுல இருக்கு. நான் அழுதேனா?"

"நீங்க அழவேண்டாம் சார். எந்திரிச்சு வெளிய வந்தாப் போதும்."

அவர் வரவில்லை. ஆனால் சனிக்கிழமை பேச்சித்தாய் ஆட்டோக் கொட்டகைப் பூட்டைக் கொண்டுபோய் ஐந்தாம் வகுப்புக் கதவில் பூட்டினாள். திங்கட்கிழமை பள்ளி திறந்தபோது அவளும் ஜெபக்கனியும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றவர்கள் வந்து கெஞ்சினார்கள். பிள்ளைகளை நிம்மதியாகப் போகவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். பேச்சித்தாய் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எம்புருசனுக்கு இந்த ஊரே பழம் குடுத்துச்சு. ஒரு ஆளு ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்பிடல. நானும்தான் கூப்பிடல. என்னைத் தூக்கிப் போட்டுட்டுக் கதவ ஒடைங்க, பாப்போம்."

யாரும் தூக்கவில்லை. கோயில்பிள்ளை வேறு வழியில்லாமல் பிள்ளைகளை மைதானத்துப் புங்கமரத்தடியில் உட்காரவைத்தார். திங்கள் போனது. செவ்வாய் போனது. புதன்கிழமை பதினொரு மணிக்குப் பிள்ளைகள் பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது, யானை பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. வாசற்படியில் இருந்த இருவரும் எழுந்து ஓடினார்கள். பத்தடி போவதற்குள் ஐந்தாம் வகுப்புக் கூரை முழுசாக உள்ளே இறங்கியது.

எழும்பிய வெள்ளைப் புழுதி மைதானத்தைக் கடந்து வந்து முப்பத்தொரு பிள்ளைகளையும் மூடியது. சந்தையிலிருந்து ஓடிவந்த தாய்மார் புழுதி அடங்கும்போது கண்டது அந்தப் படத்தைத்தான்: முடியில் தூள், இமையில் தூள், காதுமடலில் காரை, கோயில்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி வெள்ளை, ஒரு பிள்ளையும் அசையவில்லை. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தி மண்ணில் விழுந்தாள். அப்போது முதல் வரிசைப் பையன் தும்மினான். அடுத்தவன் தும்மினான். பிறகு முப்பத்தொரு பேரும் தும்மினார்கள். தலைமையாசிரியர் எல்லாரையும்விடச் சத்தமாகத் தும்மிவிட்டு, அப்படியே உட்கார்ந்து குழந்தைபோல அழுதார்.

ஊர் மொத்தமும் ஸ்டூடியோவுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றபோது ஜெபக்கனி அந்த வகுப்புப் படத்தை மறுபடி திறந்தாள். கோயில்பிள்ளை தொண்ணூறு வயதில் தலையாட்டிப் பொம்மை மாதிரி இருந்தார். முதல் வரிசையில் கிழவன்கள், கிழவிகள். பொக்கைவாய், கூனல், கண்ணில் பூ விழுந்தவன். "அது எம்மவன்!" "அந்தா, எம்புள்ள, காது நீண்டு போச்சு பாரு!" என்று கத்தினார்கள். கத்தல் திடீரென்று நின்றது. மூன்றாம் வரிசைக் கடைசியில் எப்சிபா என்கிற பெண்பிள்ளை நின்றாள். தலையில் தூள் இல்லை. வயதும் கூடவில்லை. பத்து வயது எப்சிபாதான்.

அவளுடைய அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தாள். பக்கத்திலிருந்த ஒருத்தி பழக்கதோஷத்தில் விசும்பத் தொடங்கினாள். ஒருத்தர் செருப்பைக் கழற்றினார்.

"செருப்பப் போடுங்கய்யா!" என்றாள் பேச்சித்தாய். "அக்கா, பெருசு பண்ணுங்க."

ஜெபக்கனி முகத்தைப் பெரிதாக்கினாள். நிறம் எதையும் தொடாமல் இருட்டை மட்டும் வடித்தாள். உதட்டில் நாவற்பழம் தின்ற நீலம். கையை இறக்கிக் காட்டினாள். விரல்நுனிகள் முரசுக்குச்சி மாதிரி உருண்டு, நகக்கண்ணிலும் நீலம்.

"ஓடுனா மூச்சு வாங்குதுன்னு சொல்லுவா" என்றாள் அவள் அம்மா, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல. "சோம்பேறின்னு அடிச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு யாரும் பேசி நேரத்தைப் போக்கவில்லை. ஆசீர் வேன் பிடித்தான். கோயில்பிள்ளை புழுதித் தலையோடு முன்சீட்டில் ஏறினார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தில் ஓட்டை என்றார்கள், நாள் குறித்தார்கள், அறுத்தார்கள், தைத்தார்கள். இருபத்தாறு நாள் அலையந்துறைக்காரர்கள் முறைவைத்து அந்த வராந்தாவில் படுத்திருந்தார்கள். ரத்தம் கொடுத்தார்கள், கஞ்சி கொண்டுபோனார்கள், டாக்டரைக் கண்டால் ஒரு கும்பலாகச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். ஜெபக்கனி மட்டும் அந்த ஃபைலைத் திறக்கவில்லை. திறந்து பார் என்று யாரும் சொல்லவுமில்லை.

திரும்பி வந்த மூன்றாம் நாள் எப்சிபாவே ஸ்டூடியோவுக்கு வந்தாள். உதடு சிவந்திருந்தது. பின்னால் அவள் அம்மாவும் பேச்சித்தாயும், அவர்களுக்குப் பின்னால் பாதி ஊரும்.

"அத்தை, எல்லாரும் அவங்கவங்க படத்தப் பாத்தாச்சாம். என்னுதக் காட்டுங்க."

ஜெபக்கனி அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். படம் திறந்தது.

மூன்றாம் வரிசைக் கடைசியில் ஒரு கிழவி நின்றாள். பள்ளிச் சீருடைக்குள் குச்சிக் கை, குச்சிக் கால். தலையில் நாலு முடி. வாயில் ஒரு பல் இல்லை. கன்னம் உள்ளே போய், மூக்கு நீண்டு, முகவாயைத் தொட்டுவிடும்போல இருந்தது, தொண்ணூற்றைந்துக்குக் குறையாது.

எப்சிபா அதைப் பார்த்தாள். கண் விரிந்தது. கை வாய்க்குப் போனது.

"இது நானில்ல" என்றாள். "அம்மா, இது நானில்லன்னு சொல்லும்மா! பல்லே இல்லையேம்மா!" என்று தரையில் உட்கார்ந்து, ஆறு தெருவுக்கும் கேட்க, மூச்சு ஒரு இடத்திலும் வாங்காமல், நீளமாக, பலமாக அழுதாள், யாரும் அவளைத் தேற்றவில்லை, அந்த அழுகையை ஊரே நின்று கேட்டது.